அவர் ரகசியம், அவள் செலவு

"அண்ணா இல்லீங்களா?"

கிணத்துக்கடவில், கோவை–பொள்ளாச்சி ரோட்டோரம் ஒரு மருந்துக்கடையில் பதினோரு வருடங்கள் வேலை பார்த்தேன். அந்தக் கடையின் பதிவு பெற்ற மருந்தாளுநர் நான்தான். சுவரில் மாட்டியிருந்த சான்றிதழில் என் பெயர்தான் இருந்தது. ஆனாலும் வாரத்துக்கு நாலைந்து தடவையாவது இந்தக் கேள்வி என் காதில் விழும். கேட்பவருக்கு முப்பது வயதும் இருக்கலாம், அறுபதும் இருக்கலாம். கடையில் பெண்கள் நின்றால் எதிர்ப்பக்க பேக்கரிக்குப் போய் ஒரு டீ குடிப்பார். கூட்டம் கலைந்ததும் வருவார். கவுண்டரில் நான் மட்டும் நிற்பதைப் பார்த்ததும் அந்தக் கேள்வி வரும். அவர் தேடும் அண்ணா, எங்கள் கடையில் பெட்டி இறக்கி அடுக்கும் பையன். பத்தாவது முடித்தவன். மருந்தைப் பற்றி அவனுக்குத் தெரிந்ததெல்லாம் எது எந்த அலமாரியில் இருக்கிறது என்பதுதான்.

"என்ன வேணுமுங்க, நான் எடுத்துத் தர்றேன்" என்பேன். "பரவால்லீங், பொறகு வர்றேன்" என்று போய்விடுவார். சிலர் மரியாதைக்காக ஒரு தலைவலி மாத்திரை வாங்கிக்கொண்டு போவார்கள். பொழுதோட நான் கிளம்பிய பிறகு அந்தப் பையனிடம் வந்து, மருந்துச் சீட்டு எதுவும் இல்லாமல், "அந்த மாத்திரை" என்று கேட்டு வாங்கிப் போவார்கள் என்று எனக்குத் தெரியும். முதலாளியிடம் எத்தனையோ முறை சண்டை போட்டிருக்கிறேன். "ஆம்பளைங்க சமாச்சாரம், நீ ஏம்மா தலையிடறே?" என்பார்.

ஆம்பளைங்க சமாச்சாரம். அந்த இரண்டு சொல்லைத்தான் இந்தக் கட்டுரையில் உடைக்கப் பார்க்கிறேன். ஓர் ஆணுக்கு விறைப்பு வராமல் போனால் அது அவருடைய ரகசியம் என்று இந்த ஊர் முடிவு செய்துவைத்திருக்கிறது. அந்த ரகசியத்தைக் காப்பாற்ற ஆகும் செலவு முழுவதும், பணமாகவும் பழியாகவும் சில நேரம் உயிராகவும், அவர் வீட்டுப் பெண்ணின் கணக்கில் எழுதப்படுகிறது. கடைக்கு வெளியே நின்று டீ குடிக்கும் அந்த ஆண்களுக்கு இதைப் பற்றிச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பெண்களுக்குச் சொல்லத்தான் ஆளில்லை.

பழியிலிருந்து தொடங்குகிறேன்.

ஃபோலிக் ஆசிட் மாத்திரைக்காக மாதாமாதம் கடைக்கு வரும் ஒரு பெண் இருந்தாள். தக்காளி மார்க்கெட்டில் கமிஷன் மண்டி வைத்திருக்கும் குடும்பத்து மருமகள். கல்யாணமாகி ஆறு வருடம், குழந்தை இல்லை. கோவையில் ஒரு குழந்தைப்பேறு மையத்தில் மூன்று வருடமாகச் சிகிச்சை. கருக்குழாயில் சாயம் செலுத்திப் பார்க்கும் எக்ஸ்ரே எடுத்தாயிற்று. வயிற்றில் துளை போட்டுப் பார்க்கும் லேப்ராஸ்கோபியும் செய்தாயிற்று. கருமுட்டை வளர மாத்திரை, ஊசி எல்லாம் ஆயிற்று. ஒருநாள் கடையில் யாரும் இல்லாத மத்தியானத்தில், சீட்டை நீட்டியபடியே சொன்னாள்:

"எனக்கு எல்லா டெஸ்டும் எடுத்துட்டாங்கக்கா. ஒரு கொறையும் இல்லைன்னுட்டாங்க. அவரு பக்கத்துலயே வர்றதில்லீங்கக்கா. வந்தாலும் முடியறதில்லை. இதை நான் யார்கிட்டப் போயிச் சொல்றதுங்?"

மருத்துவத்தில் குழந்தையின்மை என்ற சொல்லுக்கு ஒரு வரையறை உண்டு. கருத்தடை எதுவும் இல்லாமல் பன்னிரண்டு மாதம் முறையாக உடலுறவு இருந்தும் கரு தங்காமல் போவதுதான் குழந்தையின்மை. உறவே நடக்காத இடத்தில் இந்தச் சொல்லுக்கு வேலையே இல்லை. அவளுக்கு இல்லாத ஒரு நோய்க்கு மூன்று வருடம் மருந்து தின்றிருக்கிறாள். டாக்டர் கேட்கவில்லையா என்றேன். கேட்டார்களாம், "முறையா சேர்ந்து இருக்கீங்களா?" என்று. கேட்டபோது ஒருபக்கம் கணவர், மறுபக்கம் மாமியார். "ஆமாங்" என்றாளாம். வேறு என்ன சொல்வாள்?

கொங்கு நாட்டில் பிள்ளையில்லாத பெண்ணுக்கு என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சீருக்குக் கூப்பிட மாட்டார்கள், கூப்பிட்டாலும் தட்டைத் தொடவிட மாட்டார்கள். பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' திருச்செங்கோட்டுப் பக்கத்துப் பிள்ளையில்லாத் தம்பதியின் கதை. 2010இல் வந்த நாவலுக்கு 2014 கடைசியில் எதிர்ப்பு கிளம்பி, 2015 ஜனவரியில் தனக்குள் இருந்த எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அவர் அறிவிக்கும் நிலை வந்தது. 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் எழுத்தாளர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அந்த எதிர்ப்பில் எத்தனையோ பேர் நம் பெண்களின் மானத்தைப் பற்றி ஆவேசப்பட்டார்கள். பிள்ளையில்லாத பெண்ணை இந்த ஊர்கள் என்ன பாடு படுத்துகின்றன என்பதில் அந்த ஆவேசத்தில் ஒரு பங்குகூட இல்லை.

சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, ஒருவரது இயலாமையால் உடலுறவே நிகழாத திருமணத்தைச் செல்லாது என்று அறிவிக்கக் கேட்கும் உரிமையைத் துணைக்குக் கொடுக்கிறது. ஆனால் கோர்ட்டுக்குப் போக வேண்டுமென்றால் முதலில் அந்த வார்த்தையை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தாயிடமே சொல்ல முடியாதவள் நீதிபதியிடம் எப்படிச் சொல்வாள்? அதோடு, பெரும்பாலான பெண்களுக்கு அந்தக் கணவரை விட்டு விலகும் எண்ணமும் இல்லை. அவர்களுக்கு வேண்டியது, இதை நோயாக ஒத்துக்கொண்டு டாக்டரிடம் போகும் ஓர் ஆள். அவ்வளவுதான்.

ஏனென்றால் இது பெரும்பாலும் வைத்தியம் உள்ள நோய்.

நாம் இதற்கு வைத்திருக்கும் பெயரைப் பாருங்கள்: ஆண்மைக்குறைவு. சர்க்கரை கூடினால் சர்க்கரை நோய் என்கிறோம், அழுத்தம் கூடினால் ரத்த அழுத்தம் என்கிறோம். விறைப்பு குறைந்தால் மட்டும் ஆண்மையே குறைந்துவிடுகிறது. பெயரிலேயே இப்படி அவமானத்தைப் பூட்டிவைத்துவிட்டு, ஏன் டாக்டரிடம் போக மாட்டேன் என்கிறார்கள் என்று கேட்டால் எப்படி? பெண் விடுதலை வேண்டுமென்றால் ஆண்மை என்ற கருத்தே ஒழிய வேண்டும் என்று, இதே கொங்கு மண்ணின் ஈரோட்டுக்காரரான பெரியார் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன்பே வாதிட்டார். நாம் இன்னும் அந்தச் சொல்லைச் சுவரில் எழுதி, கூடவே செல்போன் நம்பரும் போட்டு வைத்திருக்கிறோம். நான் இதை விறைப்புக் குறைபாடு என்றே எழுதப்போகிறேன்.

விறைப்பு என்பது ரத்த ஓட்டம். ஆசை வந்ததும் நரம்பு சேதி அனுப்ப, ஆணுறுப்பின் ரத்தக்குழாய்கள் தளர்ந்து விரிந்து, ரத்தம் உள்ளே நிறைந்து நிற்க வேண்டும். சர்க்கரை நோய் நரம்பையும் ரத்தக்குழாயையும் ஒருசேரக் கெடுக்கும். உயர் ரத்த அழுத்தம், கொழுப்பு, புகை, குடி ஆகியவையும் அதையே செய்யும். மன அழுத்தமும் கடன் பயமும் செய்யும். ரத்த அழுத்தத்துக்கும் மனச்சோர்வுக்கும் சாப்பிடும் சில மாத்திரைகளும் செய்யும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 40 முதல் 70 வயது வரையிலான ஆண்களிடம் நடத்தி 1994இல் வெளியான ஆய்வில், 52 சதவீதம் பேருக்கு ஏதோ ஓர் அளவில் இந்தக் குறைபாடு இருந்தது. பாதிப்பேருக்கு மேல் வருவது எப்படி வெட்கக்கேடாக இருக்க முடியும்?

இதில் பெண்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. ஆணுறுப்பின் ரத்தக்குழாய்கள் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் விட்டமே உள்ளவை. இதயத்தின் ரத்தக்குழாய்கள் மூன்று நான்கு மில்லிமீட்டர். ரத்தக்குழாய்களில் கொழுப்பு படியத் தொடங்கினால், சிறிய குழாய்தான் முதலில் தகராறு செய்யும். அதனால் நெஞ்சுவலி வருவதற்கு இரண்டு முதல் ஐந்து வருடம் முன்பே விறைப்புக் குறைபாடு தலைகாட்டுவது உண்டு. படுக்கையறையில் அவர் மறைப்பது, சில வருடம் கழித்து ஐ.சி.யூ. வாசலில் நீங்கள் உட்காரப்போவதற்கான முன்னறிவிப்பாக இருக்கலாம். அது உங்களுக்குத் தெரிய வேண்டாமா?

சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் முன்னின்று நடத்திய ஐ.சி.எம்.ஆர். ஆய்வு 2023இல் வெளியானபோது, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், பெண் தன்னார்வலர்கள் வீடுவீடாக வந்து சர்க்கரையும் அழுத்தமும் பார்க்கிறார்கள், மாத்திரை கொடுக்கிறார்கள். நல்ல திட்டம். கால் மரத்துப்போகிறதா, கண் மங்குகிறதா என்றும் ஆஸ்பத்திரியில் கேட்கிறார்கள். சர்க்கரையால் வரும் இந்த இன்னொரு பாதிப்பைப் பற்றி, எனக்குத் தெரிந்த எந்த வீட்டிலும் யாரும் கேட்டதில்லை.

ஆஸ்பத்திரி கேட்காததை லாட்ஜ் கேட்கிறது.

லாட்ஜ் வைத்தியரைத் தெரியாத தமிழ்நாட்டு ஊர் உண்டா? மாதத்தில் இந்தத் தேதி இந்த ஊர், இந்த லாட்ஜ், இந்த ரூம் என்று பஸ் ஸ்டாண்டுச் சுவரில் போஸ்டர். ராத்திரி டி.வி.யில் அரைமணி நேர நிகழ்ச்சி. இப்போது செல்போனிலும் வந்துவிட்டார்கள். அவர்களுடைய பாடம் எப்போதும் ஒன்றுதான்: சின்ன வயதுக் கைப்பழக்கத்தால் விந்து வீணாகிவிட்டது, நரம்பு தளர்ந்துவிட்டது, மூன்று மாதம் மருந்து சாப்பிட வேண்டும். சுயஇன்பத்தால் விறைப்பு கெடும் என்பதற்கு மருத்துவத்தில் ஆதாரம் கிடையாது. ஆனால் பதினாறு வயதில் பயமுறுத்தப்பட்ட பையன் முப்பது வயதிலும் அதை நம்புகிறான். அந்தப் பயமே அவனை முடியாமல் ஆக்குகிறது. பிறகு அதே ஆளிடம் போய்ப் பணம் கட்டுகிறான்.

இவர்களுக்கு எதிராகச் சட்டம் இல்லை என்று நினைக்காதீர்கள். 1954இலேயே மருந்துகள் மற்றும் மந்திரத் தீர்வுகள் சட்டம் வந்துவிட்டது. உடலுறவு இன்பத்துக்கான திறனைக் கூட்டும் என்று எந்த மருந்தையும் விளம்பரம் செய்வது அதன் 3ஆம் பிரிவின்படி குற்றம். எழுபது வருடமாகச் சட்டம் புத்தகத்தில் இருக்கிறது, போஸ்டர் சுவரில் இருக்கிறது.

எனக்குத் தெரிந்த தென்னந்தோப்புக்காரர் ஒருவர் இப்படிப்பட்ட ஒரு பொட்டலத்துக்கு முப்பத்தைந்தாயிரம் கட்டினார். பணம் எங்கிருந்து வந்தது? அவர் மனைவியின் நாலு பவுன் சங்கிலி அடகுக்குப் போனது. "உரம் வாங்கணும்னு சொன்னாருங், நானும் கழட்டிக் குடுத்துட்டனுங்" என்றார் அந்த அக்கா. சங்கிலி அவருடையது. வட்டியையும் மாட்டுப்பால் காசில் அவர்தான் கட்டினார். எதற்கு என்று மட்டும் இரண்டு வருடம் அவருக்குத் தெரியாது. இப்படி விற்கப்படும் லேகியம், சூரணம், "மூலிகை" மாத்திரை என்பவற்றில் சிலவற்றில் சொல்லாமலே ஆங்கில மருந்தைக் கலந்திருப்பதை உலகின் பல நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகள் கண்டுபிடித்து எச்சரித்துள்ளன. மூலிகை என்று நம்பி, அளவு தெரியாத சில்டெனாஃபிலைத்தான் பலர் விழுங்குகிறார்கள்.

அந்தச் சில்டெனாஃபிலைப் பற்றித் தெரிந்துகொள்வோம். அதில் மந்திரமும் இல்லை, பாவமும் இல்லை.

இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் ஃபைசர் கம்பெனி நெஞ்சுவலிக்காகச் சோதித்துக்கொண்டிருந்த மருந்து அது. நெஞ்சுவலிக்குப் பெரிதாகப் பயன்படவில்லை. சோதனைக்கு வந்த ஆண்கள் வேறொரு விளைவைச் சொன்னார்கள். 1998 மார்ச் 27 அன்று வயாகரா என்ற பெயரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அன்றைய இந்தியக் காப்புரிமைச் சட்டம் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை கொடுக்கவில்லை, தயாரிக்கும் முறைக்கு மட்டுமே கொடுத்தது. அதனால் 2001இலேயே நம் நாட்டுக் கம்பெனிகள் அதே மருந்தைத் தங்கள் பெயர்களில் மலிவாக விற்கத் தொடங்கின. இன்றைக்கு ஒரு மாத்திரை சில பத்து ரூபாய்தான். முப்பத்தைந்தாயிரத்தையும் நாலு பவுனையும் இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மலிவு என்பதால் மிட்டாய் என்று ஆகிவிடாது. இது அட்டவணை எச் மருந்து. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது. ஏன் கூடாது என்பதற்கு நான் பார்த்த ஒரு கதை போதும்.

ஐம்பத்தைந்து வயதுக்காரர். சர்க்கரை, அழுத்தம் இரண்டும் உண்டு. இரண்டு வருடம் முன்பு லேசாக நெஞ்சுவலி வந்ததில் இருந்து, அவசரத்துக்கு நாக்கடியில் வைக்கும் சார்பிட்ரேட் மாத்திரையை அவர் மனைவி சேலை முந்தானையிலேயே முடிந்துவைத்திருப்பார். ஒருநாள் ராத்திரி அவருக்கு நெஞ்சு அடைத்தது. அந்த அம்மா உடனே மாத்திரையை நாக்கடியில் வைத்தார். சொல்லிக்கொடுத்தபடி சரியாகத்தான் செய்தார். ஐந்து நிமிடத்தில் மனிதர் வியர்த்துச் சரிந்துவிட்டார். அழுத்தம் அதலபாதாளத்துக்குப் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் "வேற ஏதாச்சும் மாத்திரை போட்டாரா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். "இல்லீங்க சாமி, எல்லா மாத்திரையும் நான்தான் எடுத்துக் குடுக்கறேன்" என்று அந்த அம்மா சத்தியம் செய்யாத குறை. கூட்டாளி ஒருவர் கொடுத்த நூறு மில்லிகிராம் மாத்திரையை அன்று சாயங்காலம் அவர் விழுங்கியிருந்தது மறுநாள்தான் வெளியே வந்தது. உயிர் பிழைத்துவிட்டார். "நானே என்ற கையால கொல்லப் பாத்தனே கண்ணு" என்று அந்த அம்மா என்னிடம் அழுதது இன்னும் காதில் இருக்கிறது.

சார்பிட்ரேட் போன்ற நைட்ரேட் மருந்துகளும் சில்டெனாஃபிலும் ரத்தக்குழாயை விரிப்பவை. இரண்டும் உடம்பில் சேர்ந்தால் ரத்த அழுத்தம் ஒரேயடியாக விழும், உயிரே போகலாம். அந்த அம்மா ஒரு தவறும் செய்யவில்லை. அவரிடம் மறைத்ததுதான் தவறு. ஆம்பளைங்க சமாச்சாரம் என்று என் முதலாளி சொன்னது இதைத்தான்.

ஆகவே இந்த மருந்தின் விதிகளைப் பெண்களும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். சொல்கிறேன்.

நைட்ரேட் எந்த வடிவத்தில் சாப்பிடுபவரும் இதைத் தொடவே கூடாது. இதைப் போட்டவருக்கு நெஞ்சுவலி வந்தால் வீட்டில் சார்பிட்ரேட் வைக்காமல், உடனே 108ஐக் கூப்பிட்டு, என்ன மாத்திரை எப்போது போட்டார் என்று சொல்ல வேண்டும். சில்டெனாஃபில் போட்டு 24 மணி நேரமும், டடாலாஃபில் போட்டு 48 மணி நேரமும் நைட்ரேட் கொடுக்கக்கூடாது. சமீபத்தில் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள், ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்கள் டாக்டர் அனுமதிக்கும்வரை காத்திருக்க வேண்டும். பிராஸ்டேட் வீக்கத்துக்கு டாம்சுலோசின் போன்றவை சாப்பிடுபவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

சில்டெனாஃபில் வழக்கமாக 50 மில்லிகிராமில் தொடங்கும். அறுபத்தைந்து தாண்டியவர்களுக்கும் கல்லீரல், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் 25 போதும். உச்ச அளவு 100. ஒரு நாளைக்கு ஒருமுறைக்கு மேல் கிடையாது. உறவுக்கு ஒரு மணி நேரம் முன்பு போட வேண்டும். பிரியாணி மாதிரி கொழுப்பு மிகுந்த சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் வேலை செய்யத் தாமதமாகும். உடனே இன்னொன்று போடுவதுதான் ஆபத்து. டாஸ்மாக் சரக்கோடு போட்டால் அழுத்தம் இன்னும் விழும், விறைப்பும் கெடும். டடாலாஃபில் 36 மணி நேரம் வரை உடம்பில் வேலை செய்யும். தினமும் சிறிய அளவில் எடுக்கும் முறையும் அதில் உண்டு. தலைவலி, முகம் சிவப்பது, மூக்கடைப்பு, நெஞ்செரிச்சல் வரலாம், தானாகப் போய்விடும். திடீரென்று பார்வையோ காதோ மங்கினாலும், விறைப்பு நாலு மணி நேரத்துக்கு மேல் அடங்காவிட்டாலும் அவசர சிகிச்சைக்கு ஓட வேண்டும்.

மாத்திரை ஆசையை உண்டாக்காது. ஆசை வந்தபின் ரத்த ஓட்டத்துக்கு உதவும், அவ்வளவுதான். சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவராமல், பீடியை விடாமல், இதை மட்டும் விழுங்கிக்கொண்டிருப்பது ஓட்டை வாளியில் தண்ணீர் சேந்துவது.

எங்கே போவது? பக்கத்து அரசு ஆஸ்பத்திரியின் சர்க்கரை, அழுத்தப் பிரிவுக்கு முதலில் போகலாம். அங்கே தீராவிட்டால் கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சிறுநீரகவியல் பிரிவு இருக்கிறது. சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம், தேவைப்பட்டால் டெஸ்டோஸ்டிரோன், இவ்வளவுதான் முதல் கட்டப் பரிசோதனை. சீட்டில் கம்பெனிப் பெயருக்குப் பதிலாக மருந்தின் பெயரை எழுதச் சொல்லுங்கள். 2025 பிப்ரவரியில் தமிழ்நாடெங்கும் திறக்கப்பட்ட முதல்வர் மருந்தகத்திலும், மக்கள் மருந்தகத்திலும் அந்தப் பெயரைச் சொல்லி இருக்கிறதா என்று கேளுங்கள். வாட்ஸ்அப்பில் அட்டை இல்லாமல் வருவதை மட்டும் வாங்க வேண்டாம்.

இங்கே தோழிகள் சிலர் என்னை மடக்குவார்கள். "ஆண்களின் மாத்திரைக்கு நாம் ஏன் வக்காலத்து வாங்க வேண்டும்? அவர்களுக்குத்தான் உலகமே ஓடிவருகிறதே?" என்பார்கள். உண்மைதான். ஜப்பானில் வயாகராவுக்கு ஆறே மாதத்தில், 1999 ஜனவரியில் அனுமதி கிடைத்தது. பெண்களின் கருத்தடை மாத்திரை அங்கே பல பத்தாண்டுகள் காத்துக் கிடந்தது. வயாகராவுக்கு இவ்வளவு அவசரமா என்று பெண்கள் கோபப்பட்டுக் கேட்ட பிறகு, அதே வருடம் ஜூனில்தான் அதற்கும் அனுமதி வந்தது. எங்கள் கடையிலும் அதே கதைதான். கருத்தடை மாத்திரை கேட்கும் பெண்ணை வரிசையில் நிற்கும் அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். நாப்கினை இன்னும் செய்தித்தாளில் சுற்றித்தான் கொடுக்கிறோம்.

இதைவிடக் கனமான இன்னொரு கேள்வியும் இருக்கிறது. மாதவிடாய் நின்று நாலு வருடமான ஓர் அக்கா என்னிடம் சொன்னார்: "அவருக்கு முடியாமப் போனப்ப, அப்பாடான்னு இருந்துதும்மா. இப்ப மாத்திரை போட்டுட்டு வர்றாரு. எனக்கு எரிச்சல் தாங்க முடியறதில்லை." மாத்திரை அவருக்கு முப்பது வருடத்தைத் திருப்பிக் கொடுத்ததாக நினைக்கிறார். அவள் உடம்புக்கு என்ன ஆகிறது என்று எழுதிக் கொடுத்த டாக்டரும் கேட்கவில்லை, எடுத்துக் கொடுத்த கடைக்காரரும் கேட்கவில்லை. மாதவிடாய் நின்றபின் பிறப்புறுப்பு வறண்டுபோவதும் வலிப்பதும் சாதாரணம். அதற்கும் களிம்பு உண்டு, வழுவழுப்பு ஜெல் உண்டு, சிகிச்சை உண்டு. அவற்றையும் அதே சீட்டில் எழுத முடியும். அதற்கு முன்னால், அவளுக்கு இது வேண்டுமா என்று யாராவது கேட்க வேண்டும்.

நம் சட்டமே கேட்பதில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சம்ஹிதாவின் 63ஆம் பிரிவும், பதினெட்டு வயது நிறைந்த மனைவியிடம் கணவன் செய்வது வன்புணர்ச்சி ஆகாது என்ற பழைய விதிவிலக்கை அப்படியே வைத்திருக்கிறது. 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டம்தான் பாலியல் வன்முறையை வன்முறை என்று ஒத்துக்கொள்கிறது. எனவே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: டாக்டர் எழுதிய சீட்டு மருந்துக்கடைக்குத்தான் செல்லும், மனைவிக்குச் செல்லாது. மாத்திரை போட்டுவிட்டேன், வீணாகப் போகும் என்று யாராவது சொன்னால், வீணாகட்டும். சில பத்து ரூபாய்தானே.

ஆனாலும் நான் அந்த மாத்திரைக்காகப் பேசுகிறேன். அது ரகசியமாக இருக்கும்வரை, வேண்டும் என்று சொல்லும் பெண்ணுக்கும் வழியில்லை, வேண்டாம் என்று சொல்லும் பெண்ணுக்கும் வழியில்லை. மண்டிக்காரர் மருமகளுக்கு உறவு வேண்டும், குழந்தை வேண்டும். அதைக் கேட்டால் அலைபவள் என்பார்கள். அந்த அக்காவுக்கு வேண்டாம். சொன்னால் புருஷனைக் கவனிக்காதவள் என்பார்கள். இரண்டு பேரின் வாயையும் அடைப்பது அதே ஆண்மை என்ற சொல்தான்.

நான் கேட்பது பெரிய விஷயங்கள் இல்லை. சர்க்கரைக்கும் அழுத்தத்துக்கும் மாத்திரை கொடுக்கும் ஒவ்வோர் அரசு மருத்துவமனையிலும் இந்தக் கேள்வியைக் கேட்கட்டும். குழந்தைப்பேறு மையத்தில் மனைவியைத் தனியறையில் வைத்து ஐந்து நிமிடம் பேசாமல் அவள் வயிற்றில் துளை போடாதிருக்கட்டும். 1954ஆம் வருடச் சட்டத்தை எடுத்துக்கொண்டு ஓர் அதிகாரி ஒரே ஒரு நாள் பஸ் ஸ்டாண்டுச் சுவரைப் பார்க்கட்டும். கல்லூரி மாணவிகளே, உங்கள் கையிலும் வேலை இருக்கிறது. வீட்டில் அப்பா, சித்தப்பா, மாமா சாப்பிடும் மாத்திரை அட்டைகளை எடுத்து, பெயர் பார்த்து, ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவையுங்கள். "இதுல எழுதாத மாத்திரை எதுவும் போடறீங்களா?" என்று ஒருமுறை எல்லோருக்கும் பொதுவாகக் கேட்டுவிடுங்கள். முகம் சிவந்தாலும் பரவாயில்லை.

மண்டிக்காரர் மருமகள் அதற்குப் பிறகு என்ன செய்தாள் என்று கேட்பீர்கள். நான் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டை ஐந்து மாதம் பர்ஸில் வைத்திருந்தாளாம். அதில் இருந்தது இவ்வளவுதான்: இருவருக்கும் சேர்த்துச் சர்க்கரை பார்க்கவும். ஒருநாள் கணவரைக் கூட்டிக்கொண்டு போனாள். முப்பத்துநாலு வயதில் அவருக்குச் சர்க்கரை முந்நூற்றுப் பத்து இருந்தது. அவருக்கே தெரியாது. சர்க்கரைக்கான மாத்திரைகளோடு சில்டெனாஃபிலும் எழுதிய சீட்டோடு இரண்டு பேரும் கடைக்கு வந்தார்கள். அவர் வாசலிலேயே நின்றுகொண்டார். வழக்கம்போல உள்ளே எட்டிப் பார்த்துக் கேட்டார், "அண்ணா இல்லீங்களா?"

"அண்ணனுக்கு இதெல்லாம் தெரியாதுங்க. உள்ள வாங்க, ரெண்டு பேருக்கும் நான் சொல்றேன்" என்றேன்.

வந்தார்.